ஒரு மணி நேரச் சுவர்

1. எரிந்த லயம்

இலங்கையில், நமுனுகுல மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கட்டட ஓவர்சியராக நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். வயது இருபத்து நான்கு. பதுளையில் வரைபடம் வரையக் கற்றுக்கொண்டு, ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரரிடம் இரண்டு வருடம் எடுபிடியாக இருந்துவிட்டு வந்திருந்தேன். சட்டைப் பையில் மூன்று பென்சில், கையில் ஒரு ஸ்பிரிட் லெவல், தலை நிறையக் கர்வம். கட்டடத் தொழிலில் எனக்குத் தெரியாதது எதுவும் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தெரியாதவை ஒவ்வொன்றாகத் தெரியவர முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. அதில் முதலாவதை இங்கே எழுதுகிறேன்.

சேர்ந்த அன்றே தோட்ட நிர்வாகியான பெரிய துரை என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் எரிந்த தொழிலாளர் லயம் ஒன்றைக் காட்டினார். ஒற்றை அறைகளாக ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பரா. ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். கூரைத் தகரம் சுருண்டு கிடந்தது. சுவர்கள் மட்டும் கறுப்பாக நின்றன. நான் வருவதற்கு நாலு வருடம் முன்பு எரிந்தது அது. எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரமாதலால் உயிர்ச்சேதம் இல்லை. வீட்டுச் சாமான் ஒன்றுகூட மிஞ்சவும் இல்லை.

"பாரு ஓவர்சியர். ஒரு காம்பரா பத்திச்சு, பன்னெண்டு காம்பரா போச்சு. ஏன்? சொல்லு" என்றார் துரை. அவர் காலி நகரப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்துத் தமிழைத் தோட்டத்திலேயே கற்றவர்.

அண்ணாந்து பார்த்தேன். காம்பராக்களுக்கு நடுவிலிருந்த சுவர்கள் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி அப்படியே நின்றுவிட்டன. அதற்கு மேல் கூரை வரை திறந்த வெளி. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டுவளை.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் காம்பராவில் மிளகாய் வறுத்தால் கடைசிக் காம்பராவில் தும்முவார்கள். ஐந்தாம் காம்பராவில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் ஒன்பதாம் காம்பராவிலிருந்து தீர்ப்பு வரும். தும்மலும் தீர்ப்பும் போன வழியாகத்தான் நெருப்பும் போயிருந்தது. பரணில் காயப்போட்டிருந்த விறகு வேறு அதற்கு வழிநெடுகச் சாப்பாடு போட்டிருந்தது.

"நடுச்சுவர் கூரை வரை போகல சார்" என்றேன்.

"சரி. இனி கட்டுறது ஒழுங்கா கட்டு" என்று சொல்லி, ஒரு சுருட்டிய பிளானை என் கையில் கொடுத்தார்.

2. பிளானில் இருந்த வரி

பிளான் கொழும்பிலிருந்து வந்திருந்தது. லயத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வீடுகள், ஆறு. சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டிக் கட்ட வேண்டும். கருங்கல் பாறை குறுக்கிட்டதால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஐந்தடிச் சந்துதான் விட முடிந்தது. சந்து அவ்வளவு ஒடுங்கினால் அதைப் பார்த்த வெளிச்சுவருக்குத் தனி நிபந்தனை. ஒன்பது அங்குலச் செங்கல், இரு பக்கமும் பூச்சு, ஜன்னல் கூடாது, கதவு கூடாது, துவாரமே கூடாது. சுவர் கூரைக்கு மேலே ஒன்றரை அடி எழும்ப வேண்டும். ஓரத்தில் ஒரு வரி: வெளிச்சுவர் குறைந்தது ஒரு மணி நேரம் நெருப்பைத் தாங்க வேண்டும்.

மேசன் வேலைக்குப் பியதாஸ பாஸ் வந்தார். பசறைக்காரர், என் அப்பா வயது. பிளானைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தே வீடு கட்டக்கூடியவர். கூரைக்கு மேல் எழும்பும் சுவரைப் பார்த்துத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, கூரைக்கு மேல யார் குடியிருக்கப் போறது? அங்க எதுக்கு செவுரு?"

ஒரு கூரையில் பிடித்த நெருப்பு மறு கூரைக்குத் தாவாமல் இருக்க என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, குரங்கு உட்கார நல்ல இடம் என்று சொல்லிக்கொண்டே கட்டினார்.

வீடு கிடைக்கப்போகிறவர்களை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டி எல்லாவற்றையும் விளக்கும்படி துரை சொன்னார். நானும் மேடைப் பேச்சாளன் கணக்காக ஏறி நின்று, "இது ஒரு மணி நேரச் சுவர்" என்று ஆரம்பித்தேன். அங்கேதான் வந்தது வினை.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையிலிருந்து மாரியாயி எழுந்தார். நாற்பதைத் தொட்ட கொழுந்துக்காரி. எரிந்த லயத்தின் ஏழாம் காம்பராக்காரர்; அது எரிந்ததிலிருந்து அதே மாதிரி இன்னொரு பழைய லயத்தில் ஒண்டியிருந்தார்.

"ஏங்கய்யா, ஒரு மணி நேரந்தான் நிக்குமா? பழைய லயத்துச் செவுரு வெள்ளக்காரன் காலத்துலருந்து நிக்குதுங்களே!"

களமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சுவர் ஒரு மணி நேரத்தில் விழாது, வெளியே நெருப்பு எரிந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளே விடாது, ஒன்பது அங்குலக் கல் அதற்கு மேலும் தாங்கும் என்றெல்லாம் சொன்னேன். யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை. மாரியாயி மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் தனியாக வந்தார்.

"அய்யா, வெளையாட்டு இல்ல. நெசமாவே உள்ள விடாதுங்களா?"

"விடாது."

"எங்கிட்ட ஒரு பொட்டி இருக்கு. அதுக்குத்தான் கேக்குறேன்."

3. பெட்டி

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மாரியாயி குடும்பத்தார் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டில் கொழுந்து பறித்து, இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டிய காலம் அது. காகிதம் இல்லாதவர் எந்த நாட்டுக்கும் ஆள் இல்லை. முதல் மனுவுக்குச் சேர்த்துவைத்த அத்தனையும் லயத்தோடு எரிந்தது. மாமனாருடைய பழைய துண்டுச் சீட்டு, கணவன் மனைவி இரண்டு பேருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளுடையது, பதிவுத் தபால் ரசீது எல்லாம் போயிற்று. மறுபடி ஒவ்வொன்றாக எடுக்க மூன்று வருடம் பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு நடந்தார்கள். போன நாளெல்லாம் அன்றைய வேலைப் பதிவில் பேரும் போகும், பேர் போனால் சம்பளமும் போகும். ஒரு வழியாகச் சேர்ந்த காகிதங்கள் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருந்தன. விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. கூப்பிடும் அன்று அசல் இருக்க வேண்டும்.

"இன்னொரு தடவ எரிஞ்சா எங்களால முடியாதுய்யா" என்றார்.

வீட்டைக் கையளித்த அன்று நானே அந்தப் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், முன்னறையில் சந்துப் பக்கச் சுவரோரம் வைத்தேன்.

"இந்த வீட்டிலேயே பலமான சுவர் இதுதான். பெட்டி இங்கேயே இருக்கட்டும். பொறுப்பு என்னுடையது" என்றேன். பொறுப்பு என்ற சொல்லை இளவயதில் எவ்வளவு மலிவாகச் சொல்லிவிடுகிறோம்!

4. ஓட்டை

குடிவந்து ஒரு மாதம் ஆகவில்லை. அளவுச் சங்கிலியும் கையுமாகச் சந்துக்குள் போன நான் மலைத்து நின்றேன். மாரியாயி வீட்டுக் குசினிச் சுவரில், அடுப்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், இரண்டு கல் அகலத்துக்கு ஓர் ஓட்டை.

சந்துக்கு அந்தப் பக்கத்து வீடு எஸ்தருடையது. பழைய லயத்தில் இருவரும் அடுத்தடுத்த காம்பரா. பதினைந்து வருடமாக அந்தக் குட்டைச் சுவருக்கு மேலாகக் குழம்பும் ரசமும் ஊர்க்கதையும் கைமாறி வந்திருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியம் நெருப்பு. நமுனுகுலப் பனியில் தீப்பெட்டி நமத்துப்போகும். பெரட்டுக்கு முன்னால் யார் அடுப்பு முதலில் பற்றுகிறதோ, அந்த வீட்டிலிருந்து சிரட்டையில் நாலு கங்கு வாங்கி மற்ற அடுப்புகள் பற்றும். புது வீட்டில் மாரியாயியின் வாசல் ஒரு பக்கம், எஸ்தரின் பின்கதவு மறு பக்கம், சந்தின் பின்முனையை ஒட்டினாற்போல். கங்கு வாங்க மழையில் தண்ணீர்க் கானைச் சுற்றிப் படியேறிப் போக வேண்டும். அதற்குள் கங்கு சாம்பலாகிவிடும். ஆகவே ஓட்டை.

"யார் இதைச் செய்தது?" என்று அதட்டினேன்.

எஸ்தர் தன் பின்கதவில் வந்து நின்றாள். "தானா விழுந்துருச்சுங்கய்யா. ஒரு மணி நேரச் செவுருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பியதாஸ பாஸைக் கூப்பிட்டுச் சீமெந்து வைத்து அடைத்தேன். சாந்து இறுகும் முன்பே மறுநாள் ஓட்டை திறந்திருந்தது. மறுபடி அடைத்தேன். மறுபடி திறந்தது. மூன்றாம் முறை பாஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டு பொம்பளைங்க பேசணும்னு முடிவு எடுத்தா சீமெந்து என்ன செய்யும்?"

நான் விடுவதாக இல்லை. துவாரம் உள்ள சுவர் எத்தனை அங்குலமானாலும் சுவரே இல்லை என்று மாரியாயியிடம் பிரசங்கம் வைத்தேன். துரையிடம் சொன்னால் வீடு பறிபோய்ப் பழைய லயத்துக்கே போக வேண்டும் என்று மிரட்டவும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்கய்யா. நான் பாத்துக்கிறேன்" என்றார். ஓட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத ஜனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, சந்தின் வாயில் ஒரு பலகை அடித்தேன். 'இங்கே விறகு அடுக்கக் கூடாது' என்று பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஓட்டையைத் தடுக்க முடியாவிட்டாலும் விறகையாவது தடுக்கலாம் என்று நினைப்பு.

அடுத்து நடந்ததை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. மேல் தட்டில் அடுத்த ஆறு வீட்டுக்கு வேலை தொடங்கியிருந்தது. கொங்கிரீட் போடும் பலகைகளையும் முட்டுக் கம்புகளையும் வைக்க எனக்குக் கொட்டில் இல்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் ஐந்தடி, சாரல் அவ்வளவாகப் படாத நல்ல இடமாகக் கண்ணில் பட்டது அந்தச் சந்துதான். அறுபது எழுபது பலகைகளை மாரியாயி வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்கவைத்தேன். கொங்கிரீட் ஒட்டாமலிருக்கப் பழைய லொறி எண்ணெய் பூசிய பலகைகள். எஸ்தரின் பின்கதவிலிருந்து ஓட்டை வரை ஓர் ஆள் போக வழி விட்டு அடுக்கினார்கள். அந்த அளவுக்கு நான் தாராளமாக இருந்தேன்.

எஸ்தர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் அறிவிப்பை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

"இங்கே விறகு அடுக்கக் கூடாது. அப்ப பலகை அடுக்கலாமுங்களாய்யா?"

"அது தோட்டத்துப் பலகை" என்றேன்.

"ஓ, தோட்டத்துப் பலகைன்னா தீப் பத்தாதுங்களா!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெண்களின் குறும்பு என்று நினைத்து நானும் நடையைக் கட்டினேன்.

5. பத்து மணி

ஒரு வெயில் நாள், காலை பத்து மணி இருக்கும். மேல் தட்டில் அத்திவாரத்துக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே கறுப்பாகப் புகை. முதலில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த கணம் அது எந்தச் சந்து என்று தெரிந்தது. நூல் கட்டையைப் போட்டுவிட்டு விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

என் பலகைகளில் பிடித்த தீ இரண்டு கூரைக்கும் மேலே எழும்பி எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் பூசிய பலகையாயிற்றே, சடசடவென்று ஒரு சத்தம். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் சங்கு ஊதிவிட்டார்கள். மலையிலிருந்து ஆட்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். மலைநீர் விழும் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கை மாறியது. பியதாஸ பாஸ் நீளக் கம்பியால் பலகைகளை இழுத்துப் போட்டார்.

எனக்கு மட்டும் அந்த ஓட்டை தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. அதன் வழியாகக் குசினிக்குள் போனால் அங்கே விறகுப் பரண். பரணிலிருந்து முன்னறை. முன்னறையில் பெட்டி. பொறுப்பு என்னுடையது என்று சொன்ன வாயால் என்ன கத்தினேன் என்றே தெரியவில்லை. மாரியாயி முதுகில் கூடையோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஓட்டை! ஓட்டை!" என்று அலறினேன்.

"அடைச்சிருக்குய்யா!" என்று திருப்பிக் கத்தினார். "காலையிலயே அடைச்சுட்டுத்தான் போனேன்!"

எனக்கு விளங்கவில்லை. விளங்க நேரமும் இல்லை. வாளியை வாங்கி ஊற்றினேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் எரிந்து அடங்கியது. இரண்டு சுவரிலும் பூச்சு வெடித்துப் பாளம் பாளமாக உதிர்ந்திருந்தது. கல் அசையவில்லை. கூரைக்கு மேலே எழும்பிய அந்தக் குரங்குச் சுவர் கன்னங்கரேலென்று நின்றது. அதற்கு இந்தப் பக்கம் கூரையில் ஒரு தகரம்கூடச் சுருளவில்லை. பாஸ் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் எனக்குத் தந்த ஒரே பாராட்டு அதுதான்.

மாரியாயி கதவைத் திறந்தார். நானும் பின்னால் போனேன். குசினியில் ஓட்டை இருந்த இடத்தில் இரண்டு செங்கல், சுற்றிலும் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, விரல் தடம்கூட அழியாமல் இருந்தது. ஒவ்வொரு நாளும் கங்கு கொடுத்து முடித்ததும் பெரட்டுக்குப் போகும் முன் கல்லை வைத்துப் பூசிவிட்டுத்தான் போவாராம். அடுத்த விடியலில் பெயர்ப்பாராம். சுற்றிப்பார்க்க நான் போவது எப்போதும் அவர்கள் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில். ஆகவே திறந்த ஓட்டையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"நான் பாத்துக்கிறேன்னு சொன்னேனேங்கய்யா" என்றார்.

முன்னறைக்குப் போய் டிரங்குப் பெட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு, "தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். விடியற்காலைப் பீலித் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். எல்லாம் இருந்தன. அதுவரை அழாதவர் அப்போது அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதைப் புகை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

6. விசாரணை

மறுநாள் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். இரவெல்லாம் யோசித்துவைத்திருந்தேன். நெருப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். விடியலில் சிரட்டை கைமாறியபோது ஒரு கங்கு தவறிப் பலகை இடுக்கில் விழுந்து, மரத்தூளில் கனன்று கனன்று பத்து மணிக்குப் பற்றியிருக்கிறது. எஸ்தர் முந்தின நாளே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டாள். அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினால் என் தலை தப்பும். இரண்டு குடும்பமும் பழைய லயத்துக்குப் போகும். அந்த மோட்டுவளையின் கீழ் பெட்டியும் போகும்.

"யார் தப்பு?" என்றார் துரை.

"பலகை நான் அடுக்கினது சார். எண்ணெய் பூசின பலகை. அடுக்கக் கூடாதுன்னு போர்டு அடிச்சதும் நான்தான்."

"நெருப்பு எங்க இருந்து வந்துச்சு?"

"ஒரு கங்கு விழுந்திருக்கு சார். தோட்டத்துல கங்கு விழாத நாள் இல்ல. சந்து வெறும் மண்ணா இருந்திருந்தா விழுந்த இடத்துலயே அணைஞ்சிருக்கும்."

துரை மேசையிலிருந்த சம்பளப் புத்தகத்தை இழுத்துத் திறந்தார். ஓட்டையைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தோட்டத்தில் துரைக்குத் தெரியாத ஓட்டை இருந்திருக்காது என்பது என் எண்ணம். எரிந்த பலகைக்கு என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். பூச்சு வேலையை நானே முன்னால் நின்று முடிக்கச் சொன்னார். வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே மாரியாயி காத்திருந்தார்.

"அக்கா, ஒண்ணும் ஆகல. வீட்டுக்குப் போங்க" என்றேன். அவரை முதன்முதலாக அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யா, ஒண்ணு கேக்கணும். ஒரு மணி நேரச் செவுருல நேத்து அரை மணி எரிஞ்சு போச்சே. இனிப் பாக்கி அரை மணிதானுங்களா?"

வெடித்த பூச்சை அடியோடு செதுக்கி, ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, புதிதாகப் பூசிக் கொடுத்துவிட்டு, "இப்ப மறுபடி முழு மணி நேரம்" என்றேன். குசினி ஓட்டைக்கு, ஸ்டோரில் இயந்திரம் பார்க்கும் பிட்டரிடம் சொல்லித் தடித்த இரும்பில் ஒரு சின்னக் கதவு அடித்து, தானாகச் சாத்திக்கொள்ளும்படி மேலே கீல் வைத்துப் பொருத்தினேன். பிளானில் இல்லாதது. செய்தது சரி என்று பின்னால் பெரிய பெரிய கட்டடங்களில் தானாகச் சாத்தும் தீத்தடுப்புக் கதவுகளைப் பார்த்தபோது தெரிந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வெளிச்சுவரின் கனத்தை அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதன்மேல் என்ன சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சந்து வெறுமையாக இருந்தால்தான் சுவர் சுவர். நெருப்புக்கு எது தோட்டத்துப் பலகை, எது தொழிலாளி விறகு என்று தெரியாது. நெருப்பால் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர் ஏதாவது சொன்னால், பிளானைச் சுருட்டி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்துத் துரை பார்வையிட வந்தார். சந்து துடைத்துவிட்டது போல இருந்தது. கருகிய அறிவிப்புக்குப் பதிலாக நான் புதிதாக எழுதி அடித்த பலகையின் கீழே, யாரோ அடுப்புக்கரியால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அழிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துரைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

"என்ன எழுதியிருக்கு? படி" என்றார்.

எஸ்தர் தன் பின்கதவில் நின்றாள். மாரியாயி அக்கா இரும்புக் கதவைச் சற்றே தூக்கி உள்ளிருந்து பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தேன்.

"இங்கே விறகு அடுக்கக் கூடாது. ஓவர்சியர் ஐயாவும் எதுவும் அடுக்கக் கூடாது."

துரை சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கீழ கையெழுத்துப் போடு."

போட்டேன்.